ஆயிரம் நாளாக யாரும் விழாத மருத்துவமனை

இனி வரும் ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். கற்பூரத்தை ஏற்றி அணைக்கச் சொன்னாலும் அணைக்கிறேன். பைபிளைக் கொண்டுவந்தாலும் சரி, குர்ஆனைக் கொண்டுவந்தாலும் சரி, கை கால் கழுவிவிட்டு வந்து சத்தியம் செய்கிறேன். ஓரிடத்திலும் கூட்டிச் சொல்லவில்லை. இரண்டு மூன்று இடங்களில் குறைத்துச் சொல்லியிருக்கிறேன், அதுவும் நீங்கள் நம்பமாட்டீர்களே என்ற கவலையில்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், சிப்காட் எல்லாம் தாண்டி, புதுச்சத்திரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஐந்து மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அபயக்கரம் பன்னோக்கு மருத்துவமனை. உள்ளே நுழைந்ததும் பிள்ளையார். பிள்ளையாருக்கு மேலே, பிள்ளையாரைவிடப் பெரிதாக ஒரு மின்பலகை. ‘இம்மருத்துவமனையில் நோயாளி எவரும் கீழே விழாமல் கடந்த நாட்கள்’ என்று எழுதி, பக்கத்தில் சிவப்பில் ஓர் எண் எரியும். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டுக்கும் சேர்த்தே கும்பிடுவார்கள். கதை நடந்த காலையில் அந்த எண் 999.

பிரிசில்லா அங்கே நர்சாகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கடலூர் முதுநகர்ப் பெண். குடும்பத்தில் முதன்முதலாக வெள்ளை உடுப்புப் போட்டவள் அவள்தான். சேர்ந்த அன்றே அவளுடைய அசல் சான்றிதழ்களை வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். இரண்டு வருஷம் வேலை பார்த்தால் திரும்பக் கிடைக்கும். “உங்க வூட்ல இருந்தா கரையான் அரிச்சிடும்மா, இங்கன்னா பத்திரமா இருக்கும்” என்றார் நர்சிங் சூப்பிரண்டெண்டு ராசம்மாள், கரையானிடமிருந்து அவளைக் காப்பாற்றிய திருப்தியோடு.

அந்த முதல் நாளிலேயே பிரிசில்லா ஒரு கேள்வி கேட்டுவிட்டாள். விவரம் தெரியாத பெண்.

“சார், நம்ம ஆஸ்பத்திரி தொறந்தே ரெண்டு வருசந்தான ஆவுது? தொள்ளாயிரத்துச் சொச்சம் நாள் எப்பிடி சார்?”

கேட்டது தர மேலாளர் பாலகுமாரிடம். கழுத்துப் பட்டையில் நான்கு அடையாள அட்டைகள் தொங்கும் மனிதர் அவர். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“கட்டுமான காலத்தையும் சேத்திருக்கோம் சிஸ்டர். அஸ்திவாரம் தோண்டின நாள்லேர்ந்து கணக்கு. அந்தக் காலத்துல ஒரே ஒரு நோயாளி விழுந்தாருன்னு நீங்க காட்ட முடியுமா?”

பிரிசில்லாவால் காட்ட முடியவில்லை.

அவளுக்கு மூன்றாவது மாடி வார்டு. முப்பத்துநாலு படுக்கை. காலைப் பணிக்குக் காகிதத்தில் பதினோரு நர்சுகள். அதில் நாலு பேர் தரப் பிரிவுக்குப் போய்விட்டார்கள். நோயாளிகள் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்று கம்ப்யூட்டரில் பார்ப்பது அவர்கள் வேலை. அந்த நாலு பேரும் சரியாகப் பார்க்கிறார்களா என்று பார்க்க இன்னும் மூன்று பேர். அன்றைக்கு ஆயிரமாவது நாள் விழா என்பதால் சந்தனத் தட்டோடு வாசலில் நிற்க இரண்டு பேர். ‘நோயாளி பாதுகாப்பே நம் மூச்சு’ என்று கலர்பொடியில் கோலம் போட ஒருத்தி. மிச்சம் இருந்தது பிரிசில்லா. அவள் முப்பத்துநாலு பேரையும் பார்த்துக்கொண்டாள்.

பார்த்துக்கொண்டாள் என்பதுகூடச் சரியில்லை. பார்த்துக்கொண்டதாக எழுதினாள். அங்கே ‘மணிப்பார்வைத் தாள்’ என்று ஒன்று உண்டு. மணிக்கொரு தரம், ஒவ்வொரு நோயாளிக்கும் ஆறு கேள்வி. விழுந்தாரா, வலிக்கிறதா, ஒன்றுக்கு வருகிறதா, தண்ணீர் வேண்டுமா, செருப்பு வழுக்குகிறதா, அழைப்பு மணி கைக்கு எட்டுகிறதா. முப்பத்துநாலு பேருக்கு ஆறு என்றால் இருநூற்று நாலு டிக். அந்த மணி முடிவதற்குள் போடாவிட்டால் கம்ப்யூட்டர் சிவந்துவிடும். கம்ப்யூட்டர் சிவந்தால் ராசம்மாள் சிவப்பார். நோயாளியை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து டிக் போடலாம் என்று பிரிசில்லா முதல் வாரம் முயன்றாள். பதினோராவது படுக்கையைத் தாண்டுவதற்குள் அடுத்த மணி பிறந்துவிட்டது.

தரப் பிரிவின் மூத்த நர்சு தமிழ்ச்செல்விதான் வழி சொல்லிக்கொடுத்தாள்.

“அட லூசு. ஒம்போதுலேர்ந்து பத்து வரைக்குமான தாளை ஒம்போதுக்கே போட்டு முடிச்சிடணும். நாங்கள்லாம் அப்பிடித்தான்.”

“பத்து மணிக்குள்ள யாராச்சும் விழுந்துட்டா அக்கா?”

“எப்பிடி விழுவாங்க? அதான் விழலன்னு போட்டுட்டமே.”

அன்று காலை ஒன்பது மணிக்குப் பிரிசில்லா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வேகமாகப் பதினாலாம் படுக்கை வந்தது. சின்னையன், வயது அறுபத்திரண்டு, பெண்ணாடம். கரும்பு வெட்டும் ஆள். மகளைப் பார்க்கப் புதுச்சத்திரம் வந்த இடத்தில் விஷக்காய்ச்சல் கண்டு, பதினைந்து நாளாக இங்கே படுத்திருந்தார். காய்ச்சல் விட்டுவிட்டது, மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். விழுந்தாரா: இல்லை. ஒன்றுக்கு வருகிறதா: இல்லை. மணி கைக்கு எட்டுகிறதா: ஆம். டிக், டிக், டிக்.

ஒன்பது ஐந்துக்குச் சின்னையனுக்கு ஒன்றுக்கு வந்தது. மனைவி தைலம்மாள் டீ வாங்கக் கீழே போயிருந்தாள். அவர் மணியை அழுத்தினார். அந்த மணி கைக்கு எட்டும், காதுக்குத்தான் எட்டாது. ‘அமைதி வளாகம்’ என்ற சான்றிதழுக்காகப் போன ஆடி மாதமே எல்லா மணிகளின் ஓசையையும் துண்டித்துவிட்டார்கள். பிரிசில்லாவின் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு பச்சை விளக்கு மட்டும் எரிந்து எரிந்து அணைந்தது. அவளைத் திரும்பவிடாமல் இன்னும் நூற்றிருபது டிக் பாக்கி இருந்தது. சின்னையன் ஐந்து நிமிஷம் பொறுத்தார். பிறகு எழுந்தார். விழாவுக்காகத் தரையை மூன்று தரம் மெழுகியிருந்தார்கள்.

சத்தம் கேட்டுப் பிரிசில்லா ஓடினாள். வலது கால் ஒரு விரற்கடை குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, இடுப்பு எலும்பு. வலிக்கு ஊசி போட வேண்டும், காலை அசையாமல் கட்ட வேண்டும், பலகையோடு தூக்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வயசான உடம்பு, நேரம் போகப் போக உயிருக்கே ஆபத்து என்று பாடத்தில் படித்திருந்தாள்.

“யம்மா... செத்தேன்டி யம்மா” என்றார் சின்னையன்.

வார்டு உதவியாளர் கண்ணாயிரம் பேரன் பேத்தி எடுத்தவர். கையில் தோரணத்தோடு ஓடி வந்தார். “மாமா, பல்லைக் கடிச்சிக்கோ. சிஸ்டர், பலகை எடுத்தாரவா? நாலு பேரு வந்தா தூக்கிடலாம்.”

சொல்லிவிட்டு அவரே சுவரைப் பார்த்தார். சுவரில் சட்டம் போட்ட விதி தொங்கியது: ‘விழுந்த நோயாளியை விழுகைக் குழு பார்வையிடும் முன் எவரும் தொடக்கூடாது.’

பிரிசில்லா டூட்டி டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் விழாவைத் தொகுத்து வழங்குவதற்காகக் கீழே ஒத்திகையில் இருந்தார். “எக்ஸ்ரேக்குப் போட்டு வைங்க சிஸ்டர், வரவேற்புரை முடிஞ்சதும் வரேன்” என்றார். எக்ஸ்ரேக்குப் போட்டாள். ‘காயத்தின் காரணம்’ என்று கம்ப்யூட்டர் கேட்டது. பட்டியலை இறக்கினாள். சாலை விபத்து இருந்தது. மாடு முட்டுதல் இருந்தது. மரமேறும்போது தவறுதல், மின்னல், கபடி எல்லாம் இருந்தன. மருத்துவமனைக்குள் கீழே விழுதல் மட்டும் இல்லை. ஐந்நூறாவது நாள் விழாவில் அதைப் பெருமையோடு நீக்கியிருந்தார்கள். ‘மற்றவை’ என்பதை அழுத்தினாள். தர மேலாளரின் கடவுச்சொல் கேட்டது.

சரி, வலி ஊசியாவது போடலாம். மருந்து மாறிப்போகாமல் இருக்க அந்த ஊசியை இரண்டு நர்சுகள் சரிபார்க்க வேண்டும், நல்ல விதிதான். பிரிசில்லா மாடிப்படியில் நின்று கீழே கூப்பிட்டாள். கோலம் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்த தமிழ்ச்செல்வி நிமிர்ந்தாள்.

“என்னால முடியாதுடி. குவாலிட்டிக்கு மாறினப்பவே பேஷண்டு மருந்தத் தொடற அனுமதிய எடுத்துட்டாங்க.”

“அக்கா, மனுசன் துடிக்கிறாருக்கா.”

“தெரியுதுடி. நான் வேணா துடிக்கிறாருன்னு கம்ப்யூட்டர்ல ஏத்தட்டுமா?”

ஒன்பதே முக்காலுக்கு விழுகைக் குழு வந்தது. முன்னால் ராசம்மாள், பின்னால் பாலகுமார். ராசம்மாளுக்கு முப்பது வருஷ சர்வீஸ். கஞ்சி போட்ட புடவை. குனிந்தால் மடிப்புக் கலையும் என்பதால் குனிந்து ஒரு நோயாளியைப் பார்த்து ஒன்பது வருஷம் ஆகிறது. பாலகுமார் பையிலிருந்து இஞ்சுடேப்பை எடுத்துக் கட்டிலுக்கும் சின்னையனுக்கும் நடுவே அளந்தார். இரண்டடி மூன்று அங்குலம். குறித்துக்கொண்டார்.

“சிஸ்டர், இவரு விழறதை நீங்க கண்ணால பாத்தீங்களா?”

“இல்ல சார். சத்தம் கேட்டுச்சு, ஓடியாந்தேன்.”

“அப்ப விழுந்ததுக்குச் சாட்சி இல்ல.”

“பக்கத்து பெட்டு ஐயா பாத்தாரு சார்.”

“அவரு பயிற்சி பெற்ற பார்வையாளர் கெடையாதே.”

“நான் பாத்திருந்தா சார்?”

“பாத்திருந்தா நீங்க பக்கத்துல இருந்திருக்கீங்கன்னு அர்த்தம். பக்கத்துல இருந்தும் புடிக்கலன்னா அது விழுகையே இல்ல, பணியாளர் ஒழுங்கீனம். அதுக்கு வேற பலகை.”

பிரிசில்லா அதைச் சுற்றிச் சுற்றி யோசித்துப் பார்த்தாள். எந்தப் பக்கமும் வாசல் இல்லை. அபயக்கரத்தில் ஒரு மனிதன் விழுவதற்கு வழியே கிடையாது.

“சார்,” என்றார் சின்னையன் தரையிலிருந்து, “நான் விழுந்தேன் சார்.”

“பெரியவரே, டென்ஷன் ஆவாதீங்க. நீங்க கட்டில்லேர்ந்து எறங்கியிருக்கீங்க.”

“எறங்குனா காலு இப்பிடியா சார் திரும்பிக்கும்?”

“கொஞ்சம் அவசரமா எறங்கியிருக்கீங்க.”

விழுகை இல்லை என்று முடிவானாலும் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் குழு நகராது. ‘ஐந்து ஏன்’ என்று ஒரு முறை இருக்கிறது. ஐந்து தரம் ‘ஏன்’ கேட்டால் எந்தச் சிக்கலுக்கும் வேர் தெரிந்துவிடுமாம். பாலகுமார் அதற்கென்றே சென்னையில் மூன்று நாள் பயிற்சி எடுத்தவர்.

“ஏன் எறங்கினாரு?”

“ஒண்ணுக்குப் போவ சார். பெல் அடிச்சிருக்காரு, சத்தம் வர்றதில்லையே சார், நான் வேற ஒருத்தியா...”

“கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க. ஏன் ஒண்ணுக்கு வந்துச்சு?”

“தண்ணி குடிச்சாரு.”

“ஏன் குடிச்சாரு?”

“காய்ச்சல்காரருக்கு நெறய தண்ணி குடுக்கணும்னு டாக்டர் எழுதியிருக்காரு.”

“டாக்டரை விட்ருவோம். குடுத்தது யாரு?”

டீ செம்போடு வாசலில் வந்து நின்ற தைலம்மாள், புருஷன் தரையில் கிடப்பதைப் பார்த்துச் செம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்து தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“நீங்கதான் தண்ணி குடுத்ததாம்மா? ஏன் குடுத்தீங்க?”

“ஏன் குடுத்தனா?” தைலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். “நாப்பது வருசமா குடுக்கறேன்யா. இன்னிக்கித்தான் ஏன்னு கேக்க ஒரு ஆளு வந்திருக்கற.”

தைலம்மாளுடைய ஏனையும் சேர்த்து ஐந்து ஏனும் முடிந்துவிட்டது. பாலகுமார் எழுதினார்: ‘மூல காரணம்: மனைவி. தீர்வு: நோயாளிக்குத் தண்ணீர் தருவதை மறு உத்தரவு வரை நிறுத்துதல்.’ எழுதிய தாளைக் கட்டிலின் தலைமாட்டில் மாட்டினார்கள். ராசம்மாள் கையெழுத்திட்டார், குனியாமல்.

“இப்பவாவது தூக்கலாமா மேடம்?” என்றாள் பிரிசில்லா.

“என்னாம்மா நீ, வெவரம் இல்லாத பொண்ணா இருக்கற. நாம தூக்கினா அவரு விழுந்தாருன்னு நாமளே ஒத்துக்கற மாதிரி ஆயிடாதா? தானா எறங்கினவரு தானா ஏறணும். பெரியவரே, நேரம் ஜாஸ்தி இல்ல, பதினொன்னரைக்கு சேர்மன் வராரு. கொஞ்சம் முயற்சி பண்ணுங்க.”

சின்னையன் முயற்சி பண்ணினார். அந்தச் சத்தம் கேட்டு வார்டில் இருந்த மற்ற முப்பத்துமூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

சேர்மன் டாக்டர் செந்தமிழ்ச்செல்வன் சிதம்பரத்துக்காரர். மேடையில் ஏறினால் தமிழ் மட்டுமே பேசுவார். இறங்கிய பிறகும் கொஞ்ச நேரத்துக்கு அது நிற்காது. மூன்றாவது மாடியைப் பார்வையிட்டுக்கொண்டே வந்தவர், பதினாலாம் படுக்கையைச் சுற்றி வைத்திருந்த பச்சைத் திரைக்கு அடியில் இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். ஒன்று கூரையைப் பார்த்தது, ஒன்று ஜன்னலைப் பார்த்தது.

“இஃதென்ன?”

ராசம்மாளுக்கு வியர்த்தது. பாலகுமாருக்கு வியர்க்கவில்லை. அதனால்தான் அவர் மேலாளர்.

“தரைநிலைப் பராமரிப்பு சார். நம்ம தரப் பிரிவோட புது முயற்சி. படுக்கை இருக்கறதாலதான விழற வாய்ப்பே வருது? அதை மூலத்துலயே அகற்றிட்டோம். தரையிலேர்ந்து ஒருத்தர் விழறதுக்கான வாய்ப்பு பூஜ்யம் சார்.”

சேர்மன் நின்ற இடத்திலேயே நின்றார். கண்கள் கலங்கின. “எளிமை... எத்துணை எளிமை! இந்த உண்மை இத்தனை காலம் நம் காலடியிலேயே கிடந்திருக்கிறது.”

எல்லோரும் கைதட்டினார்கள்.

“என்னாய்யா கைதட்டறீங்க!” தைலம்மாள் திரையை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். “தர்மாஸ்பத்திரில தரையில போட்டுட்டாங்கன்னு எங்க நாத்தனாரு போன வருசம் அழுதுச்சு. அதுக்குப் பயந்துதான இங்க கூட்டியாந்தோம். காலைலேர்ந்து இந்த மனுசன் தரையில கெடக்கறாரு, தொடக்கூட ஆளு இல்ல. வாயில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த விடமாட்டன்றாங்க!”

சேர்மன் அவளைக் கனிவோடு பார்த்தார். “அம்மையீர், அங்கே இடமில்லாத தரை. இங்கே திட்டமிட்ட தரை. வேறுபாட்டை உணருங்கள்.” பிறகு பாலகுமார் பக்கம் திரும்பினார். “இந்த அம்மையாரின் உணர்ச்சிப் பெருக்கை நோயாளி கருத்துப் படிவத்தில் ஏற்றிவிடுங்கள். ஐந்துக்கு எத்தனை?”

“ஐந்து போட்டுட்டேன் சார்.”

பன்னிரண்டு மணிக்கு, விழாவுக்காக நிறுத்திவைத்திருந்த எண் பலகையில் ஆயிரமாக மாறியது. நாதஸ்வரம் ஒலித்தது. சேர்மனின் உரை ஒலிபெருக்கி வழியாக எல்லா மாடிகளுக்கும் வந்தது. திரைக்கு உள்ளே ஒரு கையால் சின்னையனின் நாடியைப் பிடித்துக்கொண்டு பிரிசில்லாவும் கேட்டாள்.

“அன்பர்களே! பிற மருத்துவமனைகளில் நோயாளிகள் விழுகிறார்கள். ஏன்? அங்கே விழுந்தால் எழுதிவைக்கிறார்கள். எழுத எழுத எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். நாம் எழுதுவதில்லை; ஆகவே இங்கே எவரும் விழுவதில்லை. செவிலியர் போதவில்லை என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். கேட்கிறேன், முப்பத்துநாலு பேருக்கு ஒரு செவிலியர் என்பது குறைவா? அந்த ஒருவரைக் கண்காணிக்கப் பத்துப் பேரை வைத்திருக்கிறோமே! இன்று மூன்றாம் தளத்தில் ஒரு புரட்சி கண்டேன். அபயக்கரத்தில் இனிக் கட்டில்களே கிடையாது என்று இந்த மேடையில் அறிவிக்கிறேன்!”

அறிவித்தால் அறிவித்ததுதான். சாப்பாடு முடிந்த கையோடு ஆட்கள் வந்தார்கள். ஆப்பரேஷன் முடிந்தவர், மூச்சுக்குழாய் வைத்தவர், பிரசவமாகி மூன்று நாள் ஆனவள் என்று பேதம் பாராமல் எல்லோரையும் கோரைப்பாய்க்கு மாற்றினார்கள். இறக்கும்போது இரண்டு பேர் கை நழுவினார்கள். அது இடமாற்றம் என்ற தலைப்பில் வந்ததால் பலகைக்குப் பாதிப்பில்லை. கழற்றிய கட்டில்களை நடைபாதையில் கூரைவரைக்கும் அடுக்கினார்கள். லிப்டுக்குப் போகிற வழி அடைபட்டது. எக்ஸ்ரே அறைக்குப் போகிற வழியும் அதுதான்.

வரவேற்புரை முடிந்ததும் வருவதாகச் சொன்ன டூட்டி டாக்டர் நன்றியுரை முடிந்தும் வரவில்லை. மூன்று மணிக்குச் சின்னையன் முனகுவதை நிறுத்திவிட்டார். உடம்பு சில்லென்று வேர்த்திருந்தது. நாடி வேகமாக, மெல்லியதாக ஓடியது. பிரிசில்லா யாருக்கும் தெரியாமல் பஞ்சை நனைத்து அவர் உதட்டில் வைத்தாள்.

“சிஸ்டரு,” என்றாள் தைலம்மாள் மெதுவாக. கத்துவதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. “எதுனா பண்ணும்மா. உனக்குக் கோடிப் புண்ணியம்.”

பிரிசில்லா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். ‘காலை 9.10க்கு நோயாளி சின்னையன் கீழே விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. ஆறு மணி நேரமாகச் சிகிச்சை தரப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு, கட்டில் குவியலின் இடுக்கில் புகுந்து ராசம்மாள் அறைக்குப் போனாள்.

ராசம்மாள் படித்தார். கோபப்படவில்லை. கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

“இது யாரு போட்டதும்மா? பதினாலாம் பெட்டு, ஒம்போதுலேர்ந்து பத்து. விழுந்தாரா, இல்லை. உன் பேருதான இருக்குது?”

பிரிசில்லாவின் பேர்தான் இருந்தது.

“அவரு விழுந்தாருன்னா நீ பொய்யா பதிஞ்சிருக்கற. பொய்ப் பதிவுன்னா உன் ரெஜிஸ்ட்ரேஷனே போயிடும். விழலன்னா இந்தப் பேப்பரு பொய்யி. எதைப் பொய்யின்னு வச்சிக்கற? நீயே சொல்லு.”

“மேடம், எம் மேல என்னா வேணா எழுதுங்க. அவரைத் தூக்கினா போதும். செத்துடுவாரு மேடம்.”

 ராசம்மாள் மேசை இழுப்பறையைத் திறந்து, பழுத்துப்போன ஒரு தாளைத் தொட்டுக் காட்டினார். “நானும் உன்ன மாதிரிதான் வந்தேன். வேற ஆஸ்பத்திரி. நானும் ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதினேன். இன்னும் என்கிட்டயே கெடக்குது, ஏன் தெரியுமா? வாங்கிக்க ஆளு இல்ல.” இழுப்பறையை மூடினார். வேறொரு படிவத்தை எடுத்து ஏதோ நிரப்பி அவள் முன்னால் தள்ளினார். “இதுல கையெழுத்துப் போடு. போட்டா அவரு நம்ம பேஷண்டு இல்ல. நம்ம பேஷண்டு இல்லன்னா எந்த விதியும் கெடையாது. கண்ணாயிரத்தை விட்டுத் தூக்கி ஆம்புலன்ஸ்ல ஏத்திக் கடலூரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம். அஞ்சு நிமிசம்.”

காலையிலிருந்து அந்தக் கட்டடத்தில் நோயாளிக்காக யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. பிரிசில்லா படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

ராசம்மாள் சொன்னபடியே ஐந்து நிமிஷம்தான் ஆயிற்று. கண்ணாயிரமும் வாட்ச்மேன்களும் பலகையோடு தூக்கி, கட்டில் குவியலுக்கு மேலாகக் கைமாற்றிக் கைமாற்றி, படிவழியாக இறக்கினார்கள். ஆம்புலன்ஸை விழா ஊர்வலத்துக்காகப் பலூன் கட்டி ஜோடித்திருந்தார்கள், அவிழ்க்க நேரமில்லை. கடலூர் வரும்வரை வழிநெடுக ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வெடிக்கும் சின்னையனின் உடம்பு தூக்கிப்போட்டது. பணி நேரம் முடியுமுன் போனதற்கு நாளைக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று பிரிசில்லாவும் ஏறியிருந்தாள்.

கடலூரில் சின்ன வயசு டாக்டர் ஒருவர் ஊசி போட்டார், காலைக் கட்டினார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எல்லாம் இருபது நிமிஷத்தில். பிறகு கூட வந்த படிவத்தின் நகலைப் படித்தார். சின்னையனைப் பார்த்தார். மறுபடியும் காகிதத்தைப் படித்தார்.

“வீட்டுக்குப் போயி விழுந்துட்டாராம்மா?”

“எங்க வூடு பெண்ணாடத்துல இருக்குதுய்யா,” என்றாள் தைலம்மாள். “அவரு அங்கேர்ந்து கெளம்பிப் பதினஞ்சு நாளுக்கு மேல ஆவுது.”

டாக்டர் பிரிசில்லாவைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை பலகையில் 1001. மூன்றாவது மாடியில் முப்பத்துமூன்று பேர் பாயில் கிடந்தார்கள். பிரிசில்லா அவர்களைத் தாண்டித் தாண்டிப் போய் உட்கார்ந்து, ஒன்பது மணிக்கு ஒன்பதிலிருந்து பத்து வரைக்குமான தாளைப் போட்டாள்.

நாலாம் நாள் கண்ணாயிரம் போன் பேசிவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார். சின்னையனுக்கு நுரையீரலில் ரத்தக்கட்டியாம், முதல் நாளே சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாமாம். விடிகாலையில் போய்விட்டாராம். “அந்தம்மா உன்னத்தான் கேட்டுச்சு சிஸ்டர். ‘எம் புருசன் எங்க விழுந்தாருன்னு அந்தப் பொண்ணு ஒருத்திக்குத்தான் தெரியும், வந்து சொல்லச் சொல்லு’ன்னு அழுவுது.”

பிரிசில்லா எழுந்து ராசம்மாள் அறைக்குப் போனாள். தன் சான்றிதழ்கள் அந்த அலமாரியிலேயே கிடக்கட்டும், தான் கையெழுத்துப் போட்ட படிவத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். ராசம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினார், ஒரு வரியில் விரலை வைத்து அவள் பக்கம் திருப்பினார்.

ஒன்பது பத்துக்கு விழுந்த சின்னையன், பிரிசில்லாவின் கையெழுத்துப்படி, அன்று காலை ஒன்பது மணிக்கே பூரண குணமடைந்து, யார் துணையும் இல்லாமல் தானே நடந்து வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்.